சிறுகோடரியும் கைக்கோடரியும்

காட்டிலே ஓர் இரவு தங்க நேர்ந்தவனுக்கு முதலில் வேண்டுவது யாது? உணவு என்பர் சிலர். நீர் என்பர் சிலர். வெப்ப நாட்டுக் காடுகளில் நீர் என்னும் விடையே பொருந்தும். ஆனால் சுவீடன், பின்லாந்து, கனடா முதலிய வடபுலத்துக் காடுகளில், இலையுதிர்கால மழையிலே உடை நனைந்து நிற்பவனுக்கு அன்றிரவைக் கடக்க வேண்டுவது நெருப்பு. நெருப்புக்கு வேண்டுவது உலர்ந்த விறகு. மழையில் ஊறிய காட்டிலே உலர்ந்த விறகு நிலத்திற் கிடப்பதில்லை. நின்றபடியே பட்டுப்போன மரங்களின் உள்ளே அது மறைந்திருக்கிறது. பட்டை ஈரமாயினும், பிளந்து பார்த்தால் உள்மரம் காய்ந்திருக்கும். அந்த உள்மரத்தை வெளியே கொணரும் கருவிகளுள் தலையாயது கோடரி.

பெருமரம் வீழ்த்தும் கோடரியை முதுகிற் சுமந்து எவரும் நெடுந்தூரம் நடப்பதில்லை. அதன் தலை மட்டுமே ஒன்றரைக் கிலோகிராம் வரை நிறுக்கும். காம்பு 80 சென்ரிமீற்றருக்கு மேலும் நீளும். ஆகவே, நடந்து செல்பவர், வேட்டையாடுவோர், ஓடம் செலுத்துவோர், சாரணர் ஆகியோர் அதனிலும் சிறிய இரண்டு வகைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது வழக்கம். ஒன்று சிறுகோடரி, மற்றொன்று கைக்கோடரி. தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இவை தமையனும் தம்பியும் போலத் தோன்றினும், தொழிலிலும் அபாயத்திலும் இரண்டும் வெவ்வேறானவை. அவ்வேறுபாட்டை அறியாது ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் வாங்க முயல்வதே காட்டிலே காயங்கள் பல நேர்வதற்குக் காரணம்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். கைக்கோடரி என்பது ஒரு கையாற் பிடித்து ஓச்சுவதற்கென அமைந்தது. அதன் தலை பெரும்பாலும் 450 முதல் 600 கிராம் வரை நிறையுடையது. காம்பு 30 முதல் 38 சென்ரிமீற்றர் வரை நீளும். ஏறக்குறைய முழங்கையிலிருந்து விரல்களின் அடி வரையுள்ள நீளம் அதற்குண்டு எனலாம். சிறுகோடரியின் தலை 700 கிராம் முதல் ஒரு கிலோகிராம் வரையிலும், காம்பு 48 முதல் 65 சென்ரிமீற்றர் வரையிலும் அமையும். இதனை இரு கைகளாலும் பிடித்து வெட்டலாம். தலைக்கு அண்மையிற் பிடித்தால் ஒரு கையாலும் சிறு வேலை செய்யலாம். இரண்டுக்கும் இடையே நிறையில் உள்ள வேறுபாடு அரைக் கிலோகிராம் வரையில்தான். ஆயினும் வேலையில் உள்ள வேறுபாடு அதனிலும் மிகப் பெரிது.

இதற்குக் காரணம் பௌதிகவியலின் எளிய விதியொன்று. ஓங்கி வீசிய கோடரி மரத்திற் பதிவது அதன் இயக்கச் சத்தியினால். அச்சத்தி தலையின் திணிவு கூடக் கூடும். வேகம் கூடினால் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இருமடங்கானால் அடியின் சத்தி நான்கு மடங்காகும் என்பது இதன் பொருள். காம்பு நீள நீளத் தலை செல்லும் வட்டமும் பெரிதாகிறது. பெரிய வட்டத்திலே தலையின் வேகமும் பெருகுகிறது. எடுத்துக்காட்டாக, 450 கிராம் தலையினும் 700 கிராம் தலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு திணிவுடையது. அதன் வேகமும் கால் மடங்கு கூடுமாயின், அடியின் சத்தி ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். இரண்டாவது கையின் வலிமையும் இதனோடு சேர்வதனால், கைக்கோடரி பத்து அடியிற் செய்வதைச் சிறுகோடரி நான்கைந்து அடியிற் செய்துவிடுகிறது. களைத்து, பசித்து, குளிரில் நடுங்குபவனுக்கு இந்த மிச்சம் சிறியதன்று.

இந்நீளம் இன்று நேற்று வகுக்கப்பட்டதுமன்று. 1991ஆம் ஆண்டு செப்டெம்பரில், இத்தாலிக்கும் ஒஸ்திரியாவுக்கும் எல்லையான அல்ப்ஸ் மலையிலே, 3200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், பனிக்கட்டியிற் புதைந்திருந்த மனித உடலொன்று கண்டெடுக்கப்பட்டது. 'ஓட்சி' என இன்று வழங்கும் அம்மனிதன் ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவன். அவனருகே காம்போடு கூடிய கோடரியொன்றும் கிடந்தது. அதன் அலகு செம்பு. நீளம் பத்துச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. காம்போ யூ என்னும் மரத்தாலானது. நீளம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். அலகைக் காம்பிற் பொருத்தி, பேர்ச்சு மரப் பிசினால் ஒட்டி, தோல்வாரினால் இறுகச் சுற்றியிருந்தான். மலை கடக்கும் வழிப்போக்கன் ஒருவன் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் சுமந்த காம்பின் நீளமும், இன்று சுவீடனிலே காட்டுக்கெனச் செய்யும் சிறுகோடரியின் காம்பு நீளமும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. மனிதனுடைய கையின் நீளமும் முதுகின் வலிமையும் மாறவில்லை. ஆகவே அளவும் அதிகம் மாறவில்லை.

கைக்கோடரிக்கும் நீண்ட வரலாறு உண்டு. வட அமெரிக்காவின் ஆதிக்குடிகள் கையாண்ட சிறு கோடரியை ஐரோப்பியர் 'தொமஹோக்' என வழங்கினர். அச்சொல் வேர்ஜீனியாப் பகுதியிற் பேசப்பட்ட அல்கொங்குவியன் மொழியொன்றிலிருந்து வந்தது. ஐரோப்பிய வணிகர் இரும்புத் தலைகளைப் பண்டமாற்றாகக் கொடுக்கத் தொடங்கியபின் அது இரும்புக் கருவியாயிற்று. அதன் அமைப்பிலே ஒரு நுட்பம் உண்டு. மண்வாருங் கருவியான பிக்கானின் பிடியைப் போல, அதன் காம்பு மேற்புறத்திலிருந்து கண்ணுக்குள் நுழைக்கப்படும். வீசும்போது தலை கழன்று பறவாது, மேன்மேலும் இறுகும். காம்பு முறிந்தால் காட்டிலே கிடைத்த கொம்பொன்றைச் செதுக்கி மாட்டிக்கொள்ளலாம், ஆப்புத் தேவையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே, பிழைப்புக்காக அன்றிப் பொழுதுபோக்குக்காகக் காடு செல்வோர் தொகை பெருகியது. அவர்களுக்கு வழிகாட்டியவருள் ஒருவர் 'நெஸ்மக்' என்னும் புனைபெயரில் எழுதிய ஜோர்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். 1884ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய காட்டுவாழ்க்கை நூல் சுமையைக் குறைத்தலையே முதற் பாடமாகக் கொண்டது. மெலிந்த உடலினரான அவர் 1883இல் அடிறொண்டாக் ஏரிகளிற் செலுத்திச் சென்ற ஓடம் ஐந்து கிலோகிராமுக்கும் குறைவான நிறையுடையது. அத்தகையவர் பெருங்கோடரியைத் தள்ளி, இருபுறமும் வாயமைந்த மெல்லிய கைக்கோடரியைக் கொண்டதில் வியப்பில்லை. கூடவே ஒரு கத்தியும் மடிப்புக் கத்தியொன்றும் வைத்திருந்தார். ஒரே கருவியிடம் எல்லாவற்றையும் எதிர்பாராது, வேலையைப் பல கருவிகளுக்குப் பங்கிடுதல் அவர் காட்டிய வழி.

இலங்கையிலும் இப்பொருளுக்கு உரிய சான்று உண்டு. வேடர் குலத்து ஆடவர் தோளிலே மாட்டிச் செல்லும் சிறிய கோடரி, வில்லும் அம்பும் போலவே அவர்களுடைய அடையாளமாக விளங்கியது. மரப்பொந்துகளிற் கூடு கட்டும் தேனீக்களின் தேனை எடுக்க, பொந்தின் வாயை அதனால் அகலமாக்குவர். இரும்பைத் தாமே உருக்காத அம்மக்கள் அதனை எவ்வாறு பெற்றனர் என்பதை, 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூல் உணர்த்துகிறது. அம்பு வேண்டியவர், இறைச்சியை இரவிலே கொண்டுவந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டு, வேண்டிய அலகின் வடிவில் நறுக்கிய இலையொன்றையும் அருகே வைத்துச் செல்வராம். ஒரு சொல்லும் பேசாது நடந்த வாணிகம் அது. காட்டில் வாழ்பவனுக்கு இரும்பின் விலை எவ்வளவு என்பதை இதனால் அறியலாம்.

இனி, எவ்வேலைக்கு எது தக்கது என்பதை நோக்கலாம். பெருவிரற் பருமன் முதல் மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள கொம்புகளைத் தறித்தல், கூடாரத்துக்கு முளை சீவுதல், அம்முளைகளைப் பின்தலையால் அடித்து இறக்குதல், சிறு விறகை மேலும் சிறாம்புகளாகப் பிளத்தல் ஆகியவற்றுக்குக் கைக்கோடரியே வசதியானது. அதனை இடுப்பிலே மாட்டலாம், பையினுள்ளும் வைக்கலாம். கரண்டி, அகப்பை, முளை முதலியவற்றைச் செதுக்குவோர் அதன் குறுகிய காம்பையே விரும்புவர். வாய் எங்கே படுகிறது என்பதைக் கண்ணருகே வைத்துக் காண முடிகிறதல்லவா? ஆனால், தொடைப் பருமனுள்ள பட்ட மரத்தைத் துண்டாக்க வேண்டுமெனின் கைக்கோடரி சோர்வையே தரும். அங்கே சிறுகோடரி வேண்டும். நெடுங்குளிர் இரவு முழுவதும் எரியத்தக்க கட்டைகளைச் சேர்க்க வேண்டியவன் கையிலே இருக்கத்தக்கதும் அதுவே.

இவ்விடத்தே, நன்கு மனத்திற் கொள்ள வேண்டிய செய்தியொன்று உண்டு. சிறியது அபாயம் குறைந்தது என்பது பொதுவான நினைப்பு. கோடரியைப் பொறுத்தவரை அது பிழையான நினைப்பு. நீண்ட காம்புள்ள கோடரி குறி தவறினால், பெரும்பாலும் அதன் வாய் வெட்டுபவனின் காலை அடையுமுன் நிலத்திலே புதையும். காம்பு குறுகக் குறுக, தவறிய வாய் செல்லும் வட்டம் நிலத்தைத் தொடாது உடலை நோக்கி வளைகிறது. நின்றுகொண்டு கைக்கோடரியால் வெட்டுபவனுடைய முழங்காலும் கணைக்காலும் அவ்வட்டத்தின் வழியிலேயே இருக்கின்றன. ஒரு கையால் வீசுவதால் வாய் திசை மாறுவதும் எளிது. மருத்துவமனைக்கு நெடுந்தூரமான காட்டிலே கணைக்காலில் விழும் ஒரு வெட்டு, நடக்க முடியாமையையும் பெருங்குருதிப் போக்கையும் குறிக்கும்.

ஆகவே கைக்கோடரியால் விறகு கொத்துபவர் முழந்தாளிட்டுக் கொத்துவது நன்று. தமக்கு முன்னே அகன்ற அடிக்கட்டையொன்றை வைத்து, அதன் அப்பால் ஓரத்தில் விறகை நிறுத்தினால், தவறிய வாய் கட்டையிலோ நிலத்திலோ பதியும், தொடையை எட்டாது. சிறு விறகைப் பிளக்கையில் ஒரு கையால் விறகைப் பிடித்து மறுகையால் ஓங்கி வெட்டுதல் விரலை இழக்கும் வழி. அதற்கு மாறாக, விறகின் தலையிலே கோடரி வாயை மெல்லப் பதித்து, விறகையும் கோடரியையும் ஒன்றாகத் தூக்கி அடிக்கட்டையில் மோதினால், வீச்சு ஏதுமின்றியே விறகு பிளக்கும். சாரணர் பாசறைகளிலே சிறுவருக்கு முதலிற் கற்பிக்கத்தக்க முறை இதுவே. கோடரியோடு கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் வட்டத்துள் வேறெவரும் நிற்கலாகாது. மேலே கொடியோ கிளையோ தடுக்கலாகாது. வேலை முடிந்ததும் வாய்க்கு உறை இடப்பட வேண்டும். பொழுது சாய்ந்தபின், களைத்த கையோடு செய்யும் பத்து நிமிட வேலையிலும், மறுநாட் காலைவரை பொறுத்தல் அறிவுடைமை.

கருவியை வாங்குபவர் பெரும்பாலும் தலையையே நோக்குவர். காம்பையும் நோக்குதல் வேண்டும். குலத்தைக் கெடுக்கும் கோடரிக்காம்பு என்று தமிழர் பழிச்சொல்லாக வழங்கினும், கோடரியின் குலம் காம்பினாலேயே நிலைக்கிறது. அமெரிக்க ஹிக்கரி மரமும் ஐரோப்பிய ஆஷ் மரமும் காம்புக்குப் புகழ்பெற்றவை. ஏனெனில் இவற்றின் நார் நீண்டது, வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியைத் தாங்கும். காம்பின் அடிமுனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்களின் கோடுகள் தெரியும். அக்கோடுகள் அலகின் போக்கோடு ஒத்து, மேலிருந்து கீழாக ஓடினால் காம்பு உறுதியாயிருக்கும். குறுக்கே ஓடினால் முறிவு விரைவில் நேரலாம். நிறம் பூசிய காம்பிலே இதனைக் காண இயலாது. பூச்சு, குறையை மறைக்கவும் பயன்படலாம்.

உருக்கும் காம்பும் ஒரே துண்டாக அடித்த கைக்கோடரிகளும் உண்டு. அமெரிக்காவில் இலினோய் மாநிலத்து றொக்பேட் நகரிலே 1923இல் நிறுவப்பட்ட எஸ்ட்விங் நிறுவனம் இம்முறையால் அறியப்பட்டது. பின்லாந்தில் 1649இல் இரும்பாலையாகத் தொடங்கிய பிஸ்கார்ஸ் நிறுவனம், நாரூட்டிய பிளாஸ்ரிக்குக் காம்பைத் தலையைச் சுற்றியே வார்த்துச் செய்கிறது. இவற்றிலே தலை கழலும் அச்சமில்லை. ஆனால் உருக்குக் காம்பு அதிர்ச்சியைக் கைக்குக் கடத்துகிறது. பிளாஸ்ரிக்குக் காம்பு முறிந்தால் காட்டிலே மாற்ற வழியில்லை. மரக்காம்பு பேணுதலை வேண்டி நிற்கிறது. பதிலாக, முறிந்தபின்னும் கருவியைப் பிழைக்க வைக்கிறது. சுவீடனிலே 1697இல் தொடங்கிய ஹுல்ட்ஸ், 1902இல் தொடங்கிய கிரான்ஸ்பொர்ஸ் ஆகிய கோடரி ஆலைகள் மரக்காம்பைக் கைவிடாமைக்கு இதுவும் ஒரு நியாயமாகும். கிரான்ஸ்பொர்ஸ் கொல்லர் தம் பெயரின் முதலெழுத்தைத் தாம் அடித்த தலையிலே பொறிப்பது வழக்கம்.

அலகின் வடிவும் வேலையைத் தீர்மானிக்கிறது. மெல்லிய அலகு பசுமரத்தினுள் ஆழப் பாயும். ஆனால் கணுவிலும் வைரத்திலும் வாய் நெளியும், சிலவேளை உடையும். தடித்த அலகு ஆழப் பாயாது. ஆனால் ஆப்புப் போல விறகை விரித்துப் பிளக்கும். வடநாட்டுப் பைன், பேர்ச்சு மரங்களுக்கெனத் தீட்டிய வாயைக் கொண்டு நம் வன்னிக் காட்டு முதிரையையோ பாலையையோ வெட்டப் புகுந்தால் வாய் சிதையும். வன்மரத்துக்கு வாயின் கோணம் சற்று அகன்றிருத்தல் வேண்டும். இதனாலேயே ஒரு நாட்டுக் கருவி மறுநாட்டில் அப்படியே சிறப்பதில்லை.

அது மட்டுமன்று, வெப்ப நாட்டுக் காடு வேறு வகையான வேலையையும் கேட்கிறது. இங்கே இரவைக் கடக்கக் கட்டை கட்டையாக விறகு வேண்டுவதில்லை. வழியை மறிப்பவை கொடிகளும் முட்செடிகளும் மெல்லிய தண்டுகளும். அவை கோடரியின் அடிக்கு வளைந்து விலகுவன. நீண்ட அலகுள்ள கத்தியின் வீச்சுக்கே அறுபடுவன. ஆகவே இலங்கையிலும் தென்னாசியாவிலும், ஆபிரிக்காவின் ஈரக் காடுகளிலும், தென்னமெரிக்காவிலும் காட்டுக்குச் செல்பவர் கையிலே காட்டுக்கத்தியைக் காண்கிறோம். யாழ்ப்பாணத்து வீடுகளிலே பனை தறிக்கவும் விறகு கொத்தவும் கோடரி. வேலி அடைக்கவும் பற்றை வெட்டவும் கத்தி என்று வேலை பிரிந்திருப்பது அனுபவம் தந்த அறிவு.

பேணும் முறையும் எளியதே. மழுங்கிய கோடரி கூரிய கோடரியிலும் அபாயமானது. அது மரத்திற் பதியாது வழுக்கித் தெறிக்கும். பெரிய வடுக்களை அரத்தால் நீக்கி, பின் தீட்டுக்கல்லை வட்டமாகச் சுழற்றித் தீட்டுதல் வேண்டும். மின்சாரச் சாணையிலே நீரின்றிப் பிடித்தால், வாய் சூடேறி நீலம் பாரிக்கும். நீலம் பாரித்த இடத்தில் உருக்கின் தோய்ச்சல் கெட்டு, கூர் நில்லாது போகும். ஆடிய தலையை இறுக்குவதற்குக் கோடரியை நீரில் ஊறவைப்பது பலர் செய்யும் தவறு. மரம் ஊதி அன்று இறுகும். ஆனால் கண்ணினுள்ளே நார் நசிவதால், காய்ந்தபின் முன்னிலும் அதிகமாக ஆடும். ஆப்பை இறுக்குதலோ புதிதாக அடித்தலோ தக்கது. காம்புக்கு இடையிடையே ஆளிவிதை எண்ணெய் பூசுவது நன்று. பின்தலையை வைத்து இரும்பு ஆப்பையோ மற்றொரு கோடரியையோ அடித்தல் கூடாது. கண் விரியும், உருக்குத் துணுக்குக் கண்ணிலே தெறிக்கவும் கூடும். கடும் பனிக்குளிரிலே உருக்கு நொறுங்குந் தன்மை அடைவதால், வடநாட்டவர் வெட்டத் தொடங்குமுன் வாயைச் சற்றே வெதுவெதுப்பாக்கிக் கொள்வர்.

எனின், எதைத் தெரிவது? ஒரு நாள், இரண்டு நாள் நடைக்கு, சிறு சமையல் நெருப்பும் கூடார முளையுமே வேண்டியவருக்குக் கைக்கோடரி போதும். அதனோடு மடிப்பு வாள் ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நன்று. குறுக்கே அறுப்பதை வாள் செய்யும், நெடுக்கே பிளப்பதைக் கோடரி செய்யும். இவ்விணைப்பு களைப்பையும் காயத்தையும் ஒருங்கே குறைக்கிறது. குளிர்நாட்டுக் காட்டிலே பல இரவு தங்குபவருக்கு, ஒரே கருவியைத்தான் சுமக்க முடியுமெனின், சிறுகோடரியே துணை. அது கைக்கோடரியின் வேலையில் முக்காற் பங்கைச் செய்யும். கைக்கோடரியோ சிறுகோடரியின் வேலையிற் பாதியும் செய்யாது. வெப்ப நாட்டவருக்கு முதலில் கத்தி, அதன்பின் மற்றவை.

கோடரியைக் கையில் எடுப்பவன் மரத்தையும் நினைத்தல் வேண்டும். இலங்கையிலே 1907ஆம் ஆண்டின் காடுகள் கட்டளைச் சட்டமும் பின்வந்த சட்டங்களும், ஒதுக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி மரம் வெட்டுவதைக் குற்றமாக்கியுள்ளன. பல நாடுகளின் சட்டமும் இத்தகையதே. பச்சை மரத்தை வெட்டுவதாற் காட்டில் இரவு கழிப்பவனுக்கு ஆவதும் குறைவு. பசுவிறகு புகையையே மிகுதியாகத் தரும். வேண்டுவது பட்ட மரமும் வீழ்ந்த கிளையும். அவற்றையும் அன்றிரவுக்கு வேண்டிய அளவே எடுத்து, வாய்க்கு உறையிட்டுக் கருவியை வைப்பவனே அதனை ஆளத் தெரிந்தவன்.